முடிவு ஜெபம்: இங்கர்சால்

கரும்பலகையில் என் பெயரை எழுதிவிட்டார்கள். முடிவு ஜெபம்: இங்கர்சால். சிஸ்டர் பிலோமினாவின் கையெழுத்து, பிள்ளைகளுக்கு எழுதுவதுபோலவே குண்டு குண்டாக. இது சிஸ்டருடைய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அறை. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள், குடியை விட்டவர்களும் விட வந்தவர்களும். பெஞ்சு சின்னது, முட்டி மேசையில் இடிக்கிறது, மேசையில் யாரோ ஒரு பிள்ளை காம்பஸால் மீன் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறது. மணி நாலே முக்கால். ஆறு மணிக்குக் கூட்டம் முடியும். குடிக்காமல் ஒரு வருடம் முடித்தவர் அன்றைக்கு ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவைக்க வேண்டும், இங்கே அது பழக்கம். எனக்கு இன்றோடு ஒரு வருடம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஒரு சொட்டு தொடவில்லை, அதைச் செய்ய முடிந்தது, இந்த இரண்டு நிமிடத்தைச் செய்ய முடியாது என்று தோன்றுகிறது. பழைய நடுக்கம்போல இருக்கிறது, ஆனால் அது இல்லை, இது பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கக் கூப்பிடும்போது வருமே, அந்த நடுக்கம். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆண்டவரே, பலவீனமான எங்களை உமது கரத்தில். அப்படியே சொல்லிவிடலாம். உதடு அசைத்தால் போதும். ஒரு வருடமாக உதட்டைத்தானே அசைத்துக்கொண்டிருக்கிறேன், எல்லோரும் ஆமென் சொல்லும்போது வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டு. இன்றைக்குச் சத்தமும் சேர வேண்டும், அவ்வளவுதானே. அவ்வளவுதானா.

இந்தப் பெயரை வைத்துத்தான் முதல் நாள் எல்லோரும் என்னைக் கிறிஸ்தவன் என்று நினைத்தார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஆல்பர்ட் சார், "இங்கர்சாலா, நல்ல பேரு. நீங்க எந்தச் சபை?" என்று கேட்டார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசின ஒரு அமெரிக்கக்காரருடைய பெயர் சார் அது, எங்கப்பா வைத்தார் என்று நான் சொல்லவில்லை. "சபையெல்லாம் இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அப்பா தங்கவேலு, திருச்சி ஜங்ஷனில் தபால் பிரிக்கிற வேலை, லீவு நாளில் கறுப்புச் சட்டை. எனக்கு ஏழு வயதில், பேய் இருக்கா அப்பா என்று கேட்டதற்கு, வா பார்க்கலாம் என்று பட்டப்பகலில் சைக்கிளில் உட்காரவைத்து ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு ஆள் வேப்பமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "பார்த்தியா, புளிச்சாதம். அவ்வளவுதான் இங்க இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கோபக்காரர் இல்லை. மேடையில் பேசுகிறவரும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக் கூடாது, அது ஒன்றுதான் வீட்டில் சட்டம். பரீட்சையில்கூடத் தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி நிரப்பினால் திட்டுவார், தெரியாதுன்னா வெறுந்தாளா விட்டுட்டு வா என்பார். வெறும் தாள். ஆறு மணிக்கு நான் எழுந்து நின்று வெறும் தாளை நீட்டினால் இவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்குப் பக்கத்தில் இன்றைக்குத்தான் முதல் முறையாக வந்திருக்கிறவர் உட்கார்ந்திருக்கிறார். தண்டபாணி என்று சொன்னார். அறுபது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி, வெளுத்த வேட்டி. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். அது ஏன் என்று இந்த அறையில் இருக்கிற பதினெட்டுப் பேருக்கும் தெரியும். பேசுகிறவர் பேசிக்கொண்டிருக்கிறார், பெண்டாட்டி தாலியை, பிள்ளை படிப்பை, எல்லாம் நான் கேட்ட கதை, என் கதை. இந்தத் தண்டபாணி முதல் நாளிலேயே ஒரு நாத்திகன் முடிவு ஜெபம் சொல்லத் தெரியாமல் விழிப்பதைப் பார்த்துவிட்டு, சரி இது ஆகாது என்று எழுந்து போய்விட்டால்? போகிற வழியில் கடை திறந்துதான் இருக்கும். கடை எப்போதும் திறந்துதான் இருக்கிறது. இல்லை, அன்றைக்குத் திறந்திருக்கவில்லை. அன்றைக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் போகாதே என்று மனதை இழுத்தாலும் அது அங்கேதான் போகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், காலை ஒன்பது மணிக்கு அப்பா இறந்தார். எழுபத்தெட்டு வயது. உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும், சடங்கு ஒன்றும் கூடாது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். "பசங்க வெட்டிப் படிக்கட்டும், நீ மட்டும் கூட இருந்து ஒப்படைச்சுட்டு வா" என்று சொல்லியிருந்தார். கேட்டது அது ஒன்றுதான். பதினோரு மணிக்கு அந்தப் படிவத்தை நகல் எடுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நகல் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும், செய்யவில்லை, கண்ணெல்லாம் எரிந்தது, எதிரே டாஸ்மாக், திறக்கப் பத்து நிமிடம், ஒரே ஒரு கட்டிங் போட்டால் குரல் உடையாமல் பேசலாம் என்று தோன்றியது. அதுதான் எனக்கு நினைவிருக்கிற கடைசித் தெளிவான யோசனை. கண் விழித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தேன், சட்டைப்பையில் காகிதம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் கலைச்செல்வி, என் பெண்டாட்டி, ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டிருக்கிறாள், மாமா எழுதி வெச்சிருக்காரு, அவரு வந்துருவாரு என்று. எழுதினது எங்கே? வருகிறவன் எங்கே? நாலு மணி வரை பார்த்துவிட்டுச் சித்தப்பா அப்பாவின் நெற்றியில் விபூதி பூசினார். எழுபத்தெட்டு வருடம் ஒன்றும் பூசாத நெற்றி. வாய்க்கரிசி போட்டு, சங்கு ஊதி, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி எரிந்துவிட்டது. அதே ஓயாமாரி. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அடித்திருக்கலாம்.

மணி ஐந்தே கால். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டொக் என்கிறது. ஆக, ஒரு தடவை அப்பாவை விட்டுக்கொடுத்தாயிற்று. இன்றைக்கு எழுந்து ஆண்டவரே என்று சொன்னால் அது இரண்டாவது தடவை. ஆனால் அப்பாவை விட்டுக்கொடுக்க வைத்த குடியை விட்டது இந்த ஆண்டவரின் வீட்டில்தான், இந்தச் சின்ன பெஞ்சில். இதை எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் முடிச்சு விழுகிறது. ஜெரால்டு என் எதிர் வரிசையில் இருக்கிறான், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறான், தைரியம் சொல்கிறானாம். அவனுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு, குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. நான் வேலை பார்க்கிற கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவன். ஆய்வக உதவியாளன் நான், காலை பத்து மணிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குந்தி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நானும் இப்படித்தான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஒரு எடத்துக்கு வர்றீங்களா?" என்றான். முதல் நாள் இவர்கள் கடவுள் கடவுள் என்றதும் எழுந்துவிட்டேன். வாசலில் வந்து மறித்துக்கொண்டான். "எனக்கு அதுல நம்பிக்கை இல்ல" என்றேன். "சரிண்ணே. டீ போட்டிருக்கோம், குடிச்சிட்டுப் போங்க" என்றான். அந்த டீயைக் குடித்த நேரத்தில் நான் வேறு எதையும் குடிக்கவில்லை. அப்படித்தான் முதல் நாள் போனது. இரண்டாவது நாளும் ஏறக்குறைய அப்படித்தான்.

எல்லாவற்றையும் சொல்வதானால் இன்னொன்றும் இருக்கிறது, ஜெரால்டிடம்கூடச் சொல்லவில்லை. விட்டு நாற்பது நாள் இருக்கும், மத்தியானம், ஆய்வகத்தில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்து எத்தனால் பாட்டிலை எடுத்துவிட்டேன். மூடியும் திருகியாயிற்று. வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறி வழிந்தது, நாய்க்கு வழிகிற மாதிரி. அப்போது "முடியல" என்று சொன்னேன். வாய்விட்டு. "என்னால முடியல" என்று இரண்டு தடவை. சொன்னதும் அழுகை வந்தது, கை பாட்டிலை மூடி உள்ளே வைத்தது. யாரிடம் சொன்னேன்? ஆய்வகத்தில் யாரும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வேறு மாதிரி இருக்கும், எனக்கு அது தெரியும், அது இது இல்லை. யாரோ கேட்பார்கள் என்கிற மாதிரித்தான் சொன்னேன். மூளைக்குள் ஏதோ ரசாயனம் என்று அப்பா சொல்லியிருப்பார், சரியாகவும் இருக்கலாம், நானே ரசாயனத்தோடு இருபத்தைந்து வருடமாகப் புழங்குகிறவன். ஆனாலும் அது கேள்விக்குறியாகவே இருக்கிறது. இருக்கிறது என்று சொன்னால் பொய். இல்லை என்று ஓங்கிச் சொல்லலாம் என்றால் இப்போது அதுவும் முழு நிஜமாக இல்லை. தெரியாது என்பதுதான் நிஜம். தெரியாது என்று ஒரு ஜெபம் இருக்கிறதா?

அப்பா போன பிறகு கலைச்செல்வி துறையூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், நான் குடியை விட்ட எட்டாவது மாதம்தான் திரும்பி வந்தாள். வந்த அன்றைக்குத் துணி அடுக்கும்போது பீரோக் கதவின் உள்பக்கம் முருகன் படம் ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட சின்னப் படம். ஐயரும் இல்லாமல் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்ட வீட்டில், இருபத்தோரு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. பார்க்கிற நிலையில் என்றைக்கு இருந்தேன். "என்னடி இது?" என்றேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "மாமாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னு உள்ள வெச்சேன்" என்றாள். மடித்ததை அடுக்கி வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியும்" என்றாள். அவள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தியிருக்கிறார்கள், படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டதாம். அவள் குழந்தையோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால் புதுக் கண்ணாடி. துடைத்து, நேராக, அதே இடத்தில். "மாமாதான் கடைக்குக் கொண்டுபோய் மாத்திட்டு வந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானும் சொல்லிக்கல" என்றாள். அன்றைக்கு நான் அந்தப் பீரோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அந்தப் படத்தை எப்படிப் பிடித்திருப்பார்? தபால் பிரிக்கிறபோது பிடிப்பாரே, விரல் நுனியில், மடங்காமல், அப்படியா? கடைக்காரன், என்ன தோழரே முருகனைத் தூக்கிட்டு வர்றீங்க என்று கேட்டிருப்பானா? என்ன சொல்லியிருப்பார்?

"இங்கர்சால்" என்று சிஸ்டர் பிலோமினா கூப்பிடுகிறார். மணி ஆறாகப் பத்து நிமிடம். எப்போது எல்லோரும் பேசி முடித்தார்கள்? எழுந்திருக்கும்போது முட்டி மறுபடியும் இடித்தது. எல்லோரும் கை தட்டுகிறார்கள், ஆல்பர்ட் சார் பலமாகத் தட்டுகிறார். தட்டி முடிந்ததும் விசிறியின் டொக் மட்டும். "வணக்கம். என் பேரு இங்கர்சால், நான் ஒரு குடிநோயாளி" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அதற்கு மேல் மனப்பாடம் செய்தது வரவில்லை. "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது" என்று வந்தது. "வெக்கப்பட்டுச் சொல்லல. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. ஒரு வருஷமா நீங்க ஆமென் சொல்றப்ப நான் வாயை மட்டும் அசைச்சேன். இன்னிக்கும் அப்படி ஏமாத்தினா, நாளைக்கு இதைவிடப் பெருசா ஏமாத்துவேன். குடிச்சப்ப எனக்கு அதான் தொழிலு." யாரோ இருமினார்கள். நிறுத்த முடியவில்லை, அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், படிவம், நகல், பத்து நிமிடம், நனைந்த காகிதம், நெற்றி. கலைச்செல்வியைத் தவிர உலகத்தில் ஒருவரிடமும் சொல்லாததை ஐந்தாம் வகுப்பில் நின்று சொன்னேன். குரல் உடைந்தது. உடையக் கூடாது என்றுதானே அன்றைக்கு அந்தக் கடைக்குள் போனேன், இப்போது உடைந்தது, உடைந்தும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஆல்பர்ட் சார் எழுந்துவிட்டார். "சிஸ்டர், சாமியே இல்லன்னு சொல்றவரு எப்படி முடிச்சு வைப்பாரு? இது சரியில்ல" என்றார். கோபம் இல்லை, பயந்த குரல். இருபது வருடமாக அவரைத் தூக்கி நிறுத்துகிற ஒன்றை நான் தொட்டு அசைத்துவிட்டேன் போல. சிஸ்டர் என்னைப் பார்த்து, "அப்பா பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். "தங்கவேலு." "தங்கவேலு" என்று ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டார். "சரி. உங்களுக்கு எது நிஜமோ அதை வெச்சு முடிச்சு வைங்க." ஆல்பர்ட் சார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வராந்தாவில் நின்றுவிட்டார், வெள்ளைச் சட்டை ஜன்னலில் தெரிந்தது. மற்றவர்கள் எழுந்து வட்டமாகக் கை கோத்தார்கள். தண்டபாணி தயங்கித் தயங்கித் தொடைக்கு அடியில் வைத்திருந்த கையை எடுத்து நீட்டினார். பிடித்தேன். பறவையைப் பிடித்த மாதிரி துடித்தது. "உங்கள்ல யாரு யாருகிட்ட கேக்கணுமோ அவங்ககிட்ட கேட்டுக்கங்க" என்றேன். "நான் உங்ககிட்ட கேக்கறேன். இன்னிக்குப் பொழுதுக்கு நான் குடிக்காம இருக்கணும். இவரும் குடிக்காம இருக்கணும். என்னால தனியா முடியாது." அவ்வளவுதான் இருந்தது. தண்டபாணி மெல்ல, "முருகா" என்றார். யாரோ ஏசுவே என்றார்கள். ஜெரால்டு ஆமென் சொல்வான் என்று காத்திருந்தேன். எப்போதும் அவன் குரல்தான் முதலில் வரும். வரவில்லை. சிஸ்டர்தான் சொன்னார்.

கேக் வெட்டினார்கள். தண்டபாணி ஒரு துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரமும் இங்கதானா?" என்று கேட்டார். இங்கேதான் என்றேன். ஆல்பர்ட் சாருக்கு ஒரு துண்டு வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு அந்த ஒரு பிடிமானம்தாங்க இருக்கு" என்றார். "தெரியும் சார்" என்றேன். அவர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் வருவாரா, தெரியாது. வராவிட்டால் அது என் மேல்தான் என்று ஒன்று நெஞ்சில் போய் உட்கார்ந்தது, அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

பின்பக்கக் குழாயடியில் ஜெரால்டு டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் குந்தி, அவன் சோப்புப் போட்டுக் கொடுப்பதை வாங்கி அலசினேன். சிமெண்ட் ஏறிக் காய்த்த விரல்கள். கோபமா ஜெரால்டு என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். நாலைந்து கிளாஸ் போனது. பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆறு மாசமா எனக்கு ஒண்ணுமே இல்லண்ணே. முட்டி போட்டா செவுத்தோட பேசற மாதிரி இருக்கு. முன்னல்லாம் கண்ணை மூடினா யாரோ பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். இப்ப அது இல்ல. யாருகிட்டண்ணே சொல்றது, நான்தான் எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க இன்னிக்கு எந்திரிச்சு அப்படிச் சொன்னப்ப, வாய் வரைக்கும் ஆமென் வந்து நின்னுபோச்சு. பொய்யா சொல்றோமோன்னு." ஒரு வருடமாக நான் நழுவும்போதெல்லாம் பிடித்தவன், போன் அடித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவன், அவன் காலுக்குக் கீழே தரை இல்லை என்கிறான். ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் என்னைத் தாங்கிக்கொண்டு. "குடிக்கணும்னு தோணுதா?" என்றேன். "நேத்திக்குத் தோணுச்சு" என்றான். குழாய் சொட்டியது. "நேத்திக்கு எனக்குப் போன் பண்ணியிருக்கணும்" என்றேன். "ஆமாண்ணே" என்றான்.

எழுந்து ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். போகவில்லை, நின்றான். "அண்ணே, எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றான். "என்னடா, இப்பதான் அத்தனை பேர் முன்னாடி சொன்னேன்." "தெரியும்ண்ணே. அதனாலதான் கேக்கறேன். நீங்க இல்லாததைச் சொல்ல மாட்டீங்க." யாரிடம் சொல்லட்டும் என்றேன். யாரிடமும் வேண்டாம், சும்மா சொல்லுங்கள் என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான். நாற்பது வயது ஆள், தலையில் வெள்ளை முடி இரண்டு மூன்று தெரிந்தது, அது சுண்ணாம்பா நரையா என்று சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தோளில் வைத்தேன். இருக்கிறதா இல்லையா என்பது அந்த நிமிடத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது, ஜெரால்டு நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் தொண்டை வரைக்கும் நிறைந்து நின்றது. "ஜெரால்டு நல்லா இருக்கணும்" என்றேன், சத்தமாக. "அவன் குடிக்கக் கூடாது." அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறவன்போல அப்படியே நின்றான். அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.